அரிசிப் பையா, பதிவுத் தாளா? சென்னையில் ஆதரவற்ற ஏதிலியருக்கு உதவும் சிறு அறக்கட்டளை ஒன்றின் கேள்வி

1. நெய்தல்நிலா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வளசரவாக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளையின் செயலராக இருக்கிறேன். எங்கள் செயற்குழுவில் எழுந்திருக்கும் ஒரு கருத்து வேறுபாட்டை இங்கே வைத்து, அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அறக்கட்டளையின் பெயரைக் குறிப்பிடவில்லை. எங்களிடம் வருபவர்கள் எங்கே வந்து போகிறார்கள் என்பது வெளியே தெரியாமல் இருப்பதே அவர்களில் பலருக்கு நல்லது.

முகாமுக்குப் போகாமல் நகரில் வாடகை வீடுகளில் தங்கி, காவல் நிலையத்தில் வெளிப்பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்காகவே இதைத் தொடங்கினோம். முகாமில் இருப்பவர்களுக்கு அரசின் பணக்கொடையும் அரிசியும் கிடைக்கின்றன. வெளிப்பதிவில் இருப்பவர்களுக்கு இரண்டும் இல்லை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பணம் அனுப்பும்வரை இந்தக் குடும்பங்கள் எப்படியோ நடந்துவிடும். அனுப்பிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் அடுத்த மாத வாடகைக்கே வழியிருக்காது. பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்: 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பின் ஊரிலிருந்து பணம் நின்றுபோன மாணவர் ஒருவர், மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து பங்களாதேஷ் வழியாக வந்து சேர்ந்த ரோஹிங்யா குடும்பங்கள் சில.

இத்தனை ஆண்டுகளாக எங்கள் பணத்தில் பெரும்பகுதி மளிகைக்கே போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, இவர்களின் ஆவணங்களைச் சரிசெய்வதற்கு, அதாவது மொழிபெயர்ப்பு, பிரமாணப் பத்திரம், டெல்லிப் பயணம், வழக்கறிஞர் செலவு ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். ஐந்து பேர் எதிர்த்தார்கள். பசியோடு இருப்பவரிடமிருந்து அரிசியைப் பிடுங்கி நோட்டரிக்குக் கொடுப்பதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

நான் ஏன் அப்படி முன்மொழிந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். 1990-இல் எட்டு வயதில் பெற்றோருடன் படகில் இராமேசுவரம் வந்து இறங்கிய பெண் ஒருவர், கணவர் இறந்த பிறகு, பள்ளிக்கரணை ஓரத்தில் மகனோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் வந்தது. தகரப் பெட்டியில் இருந்த காவல் நிலையப் பதிவுத் தாளும், அப்பாவின் பழைய அட்டையும், மகனின் பிறப்புச் சான்றிதழும் கூழாகிப் போயின. நாங்கள் பாய், போர்வை, அடுப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். ஐந்து மாதம் தவறாமல் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். அந்த ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட எங்களில் ஒருவரும் அவரிடம், "உங்கள் பதிவுத் தாள் என்ன ஆயிற்று?" என்று கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்க எதுவும் இல்லாததால், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார். ஆறாவது மாதம் பையோடு போன எங்கள் தன்னார்வலர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். இன்றுவரை அவர் இருக்குமிடம் தெரியவில்லை.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

2. பழைய வருவாய்க்காரர்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன்; அதில் நான்கு ஆண்டுகள் ஒரு முகாமின் பொறுப்பு வருவாய் ஆய்வாளராக (ஆர்.ஐ.) இருந்திருக்கிறேன். எனவே தாளின் கனம் எனக்குத் தெரியும்.

1983 ஜூலைக்குப் பிறகு நான்கு கட்டங்களாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளிப்பதிவில் 30,000-க்கும் மேற்பட்டவர்களும் இருக்கிறார்கள். சென்னைக்கு அருகே என்றால் புழல் காவாங்கரையும் கும்மிடிப்பூண்டியும்தான். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில், முகாம்களில் இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முடிவாயிற்று. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்ற பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 400-லிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் அப்போதுதான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. என் காலத்தில் கிலோ 57 பைசா விலைக்கு அரிசி போட்டோம். மூட்டை வந்து இறங்கும் நாளில் முகாமே வாசலில் நிற்கும்.

இவை எல்லாம் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டுமே. தணிக்கை நாளில் ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் பெயிண்டிங் வேலைக்குப் போனவர் பேருந்து கிடைக்காமல் தாமதமாக வந்தால்கூட அன்றைய பக்கத்தில் அவர் இல்லாதவர்தான். தொடர்ந்து வராதவரின் பெயரை நீக்கும்படி மேலே எழுத வேண்டியது என் வேலை. அப்படி ஒருவர் பெயரை நீக்க நான் எழுதியிருக்கிறேன். அவர் வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நீக்குவதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது; திரும்பச் சேர்ப்பதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சென்னைக்கும் கோப்பு ஒன்றரை ஆண்டு நடந்தது. அந்த ஒன்றரை ஆண்டும் அவர் வீட்டில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை நான் விசாரித்ததில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் முன்மொழிவு சரி. எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு மனு எழுதவோ, எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டைத் தேட வேண்டும் என்று சொல்லவோ நான் பயன்படுவேன் என்றால் அழையுங்கள். எனக்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

3. மயிலைவாசி

மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் படுத்திருக்கும் முதியவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரவுச் சாப்பாடு கொண்டு போகும் குழுவில் இருக்கிறேன். அதனால் பசி எப்படிப்பட்டது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆவணம் கிடைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. வருவாய்க்காரர் ஐயா சொன்ன ஒன்றரை ஆண்டு என்பதே அதிகாரிகள் பக்கம் தவறு என்று தெரிந்த பிறகு ஆன காலம். அந்தக் காலம் முழுவதும் அடுப்பு எரிய வேண்டுமே! மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், உங்கள் பட்டியலில் உள்ள குடும்பங்களில் யாருக்குப் பத்து நாள் அரிசி இல்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வீட்டுக்கு நீங்களே நேரில் போய் அதைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் செய்யுங்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. நம் ஊர்க்காரர்களே தெருவில் கிடக்கிறார்களே என்று நான் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்பவர்கள் அந்தத் தெருவிலும் வந்து நிற்பதில்லை. என் கவலை வேறு. இவர்களில் சிலர் எந்தப் பதிவும் இல்லாதவர்கள். அவர்களைத் தாளுக்காக அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிக்கொண்டு போனால், இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தவர்கள் காவல்துறையின் கண்ணில் படுவார்கள். அப்புறம் நடப்பதற்கு உங்கள் அறக்கட்டளை பொறுப்பேற்குமா? இவர்களுக்கு உதவுவதே சட்டப்படி சரியா என்பதையும் யாராவது தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

4. வழக்காடு மன்றம்

உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். மயிலைவாசி ஐயா கேட்டவை நியாயமான கேள்விகள்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர்கள் முதலில் வெளிநாட்டவர்கள். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்க இடம் கொடுப்பவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை உண்டு. வீட்டுக்காரர்கள் தாள் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். பசித்தவருக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பதைக் குற்றம் என்று அது சொல்லவில்லை. இன்னும் முக்கியமானது, அருணாசலப் பிரதேசத்தில் தங்கியிருந்த சக்மா அகதிகள் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியது.

ஆனால் ஏதிலியர் எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்பதே நான் அம்மாவுக்குச் சொல்ல விரும்புவது. பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழரின் நிலை வேறு. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-இல் ஒன்றிய அரசு விலக்கு அளித்திருக்கிறது. பதிவு செய்துகொண்டவர் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? அந்தத் தாளைக் கொண்டுதான். பள்ளிக்கரணைப் பெண்மணி இழந்தது வீட்டு ஒப்பந்தத்துக்குத் தேவைப்பட்ட காகிதத்தை மட்டுமல்ல, இந்த விலக்குக்கான சான்றையும் சேர்த்துத்தான். ரோஹிங்யாக்கள், ஆப்கானியர்கள் ஆகியோருக்கோ ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் தரும் அட்டைதான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அது கைதிலிருந்து முழுப் பாதுகாப்புத் தராது. ஆனால் அது இல்லாதவரின் நிலை அதைவிட மோசம். இவர்கள் விஷயத்தில் மயிலைவாசி ஐயாவின் எச்சரிக்கை மிகச் சரியானது. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசாமல், எந்த அலுவலகத்துக்கும் யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

குடியுரிமை வாங்கித் தருவதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய் அந்த உரிமையை நிலைநாட்டி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. எனவே அந்தப் பெண்மணியின் மகன் சென்னையில் பிறந்திருந்தும் இந்தியர் அல்லர். இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர் பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் இலங்கையரும் அல்லர். இதற்கு ஆகும் செலவு நாலு பேர் நாலு நாள் அலைவதுதான். அதைச் செய்யாமல் விடுவதற்கு ஆகும் செலவை அந்தப் பையன் வாழ்நாள் முழுவதும் கட்டுவான்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு என்று அதிகம் ஒதுக்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்குப் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றித் தகுதி உடையவர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே அது இருக்கிறது.

5. கேளம்பாக்கம் டீச்சர்

அரசுப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக ஆசிரியை. இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்; அரசுக்குச் சொந்தமான புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் ரோஹிங்யா குடும்பங்கள் சில, பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கின்றன. எல்லாரையும் சேர்த்தாலும் நூறு பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆண்களில் பலர் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் சொந்த நாடான மியான்மரே அவர்களைக் குடிமக்கள் இல்லை என்று தள்ளிவிட்டது.

அரிசியா தாளா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு நிரப்பும் படிவம் ஒரு தாள்தான். அது நிரம்பிய மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு மதியம் முட்டையோடு சாப்பாடு உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குள் என்றால், 2022-இலிருந்து காலை உணவும் உண்டு. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு வேளைச் சாப்பாடு! எந்த அறக்கட்டளையாலும் நாள் தவறாமல் இதைக் கொடுக்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஆனாலும் சேர்க்கைப் பருவத்தில், கணினியில் ஆதார் எண் கேட்கிறது, எண் இல்லாமல் பதிய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் சட்டப் பிரிவை எடுத்துச் சொல்ல, கூட ஒரு ஆள் வந்து நின்றால் நிலைமை மாறிவிடும். பிள்ளையின் தாய்க்குத் தமிழ் தெரியாது, தனியாக வந்து நின்றால் அவர் பேச மாட்டார். அந்தக் கூட நிற்கும் ஆளுக்குத்தான் ஆட்டோச் செலவு கொடுங்கள் என்று கேட்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். வந்து ஆறு மாதத்தில் மெய்யெழுத்துகளை எல்லாரையும்விட அழகாக எழுதினாள். அம்மாவுக்கு மருத்துவமனையில் சீட்டு எழுதியதும், கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்த்ததும், அப்பாவுக்கு வந்த போலீஸ் கேள்விகளுக்கு மொழிபெயர்த்ததும் அவள்தான். ஒன்பது வயதில் ஒரு குடும்பத்துக்கே வாயாக இருந்தாள். அதனாலேயே மாதத்தில் பத்து நாள் பள்ளிக்கு வர முடியவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு என்று பெரியவர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால், அந்தச் சம்பளமே அவளைப் போன்ற பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்கும். இதை உங்கள் செயற்குழுவில் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பள்ளிக்கரணைப் பெண்மணியின் மகன் எந்தப் பள்ளியில் படித்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? சேர்க்கையின்போது பெற்றோரின் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு தைத்து வைப்பது பெரும்பாலான பள்ளிகளில் வழக்கம். தண்ணீர் அந்தப் பள்ளியின் அலமாரிக்குள் போகாமல் இருந்தால், நகல் அங்கே இருக்கலாம்.

6. காவாங்கரைக்காரன்

1993-இல் முகாமில் பிறந்தவன். அப்பாவின் ஊர் மன்னார். நான் அதைப் பார்த்ததில்லை. இங்கே எழுதுபவர்கள் அனைவரும் எங்களுக்கு நல்லது நினைப்பவர்கள் என்பதால், வாங்கும் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நான் படித்தது முகாமுக்குள் மாலையில் நடந்த படிப்பு மையத்தால். மூத்த அக்காமார் சிலர் பயிற்சி பெற்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சந்திரகாசன் ஐயா 1984-இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் ஏதிலியரையே பணியாளர்களாக வைத்து நடந்தன. எங்கள் வீட்டு நிலைமை அவர்களுக்குச் சொல்லி விளங்க வேண்டியிருக்கவில்லை, அவர்கள் வீட்டிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ் எடுத்து, துணைத் தூதரகத்தில் பதிந்து, எங்கள் தலைமுறையில் பலரை ஒரு நாட்டின் ஆட்களாக ஆக்கியதும் அப்படிப்பட்ட உழைப்பே.

வேறு விதமான உதவியையும் பார்த்திருக்கிறேன். வரிசையில் நிற்க வைத்து, பையைக் கையில் கொடுத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தி வைப்பார்கள். அம்மா அந்த நேரத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொள்வார். அந்தப் பையில் இருந்த பருப்பை நாங்கள் சாப்பிட்டோம். ஆனால் அடுத்த முறை அம்மா வரிசைக்குப் போகவில்லை, என்னைத்தான் அனுப்பினார்.

நெய்தல்நிலா அக்கா, ஆவணப் பணியைத் தொடங்கினால் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தன்னார்வலர் வந்து முதலிலிருந்து எங்கள் கதையைக் கேட்க வேண்டாம். படகு எப்போது வந்தது, யார் இறந்தார், எந்த முகாமில் முதலில் இருந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு என் அம்மா எத்தனை முறை பதில் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அன்று இரவு அவர் தூங்குவதில்லை. ஒருமுறை கேட்டு, சரியாக எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டி, பூட்டி வையுங்கள். இரண்டாவது, அந்த வேலைக்கு எங்கள் பிள்ளைகளில் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். பட்டம் படித்துவிட்டுப் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் முகாமில் இருக்கிறார்கள். நானும் பி.காம். படித்துவிட்டு நாலு ஆண்டு சாரத்தில் நின்றேன். அரசு வேலைக்கு நாங்கள் விண்ணப்பிக்க முடியாது, தனியார் நிறுவனங்களும் தாளைப் பார்த்தவுடன் தயங்கும்.

எல்லாரும் இங்கேயே இருக்கத்தான் தாள் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கும் வெளியேறும் அனுமதி வேண்டும், பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு வேண்டும், ஊரில் காணிக்கு உறுதி, அதாவது நிலப் பத்திரம், வேண்டும். தாள் இல்லாதவரால் இருக்கவும் முடியாது, போகவும் முடியாது.

7. தணிக்கையாளர்

பணம் பற்றி மட்டும் சுருக்கமாக. அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்பு அதை உங்களைப் போன்ற சிறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் அனுப்புகிறேன் என்று சொன்னாலும், அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பலர் நல்லெண்ணத்தில் தவறுவது இங்கேதான்.

உள்ளூர் நன்கொடையை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. ஆவணப் பணிக்குத் தனித் தலைப்பில் கணக்கு வைத்து, அதற்கென்றே தனியாக நன்கொடை கேளுங்கள். அரிசிக்குக் கொடுப்பவர்கள் வேறு, இதற்குக் கொடுப்பவர்கள் வேறு. அரிசியிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

8. மயிலைவாசி

டீச்சரம்மா எழுதியதைப் படித்தபின் என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். பள்ளிச் சேர்க்கைத் தாள் சோறு போடும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. எங்கள் நடைபாதை முதியவர்களில் எத்தனை பேருக்கு ஓய்வூதிய விண்ணப்பம் போடாமலே வெறும் சாப்பாடு கொடுத்து வருகிறோம் என்று நேற்று இரவு எங்கள் குழுவில் கேட்டேன். பதில் சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

ஆனாலும் மளிகையைக் குறைக்காதீர்கள் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. தணிக்கையாளர் சொன்னபடி தனி நிதி திரட்டுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு என் பங்கை நான் அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மூலத் தாளை அறக்கட்டளை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் உங்களிடம், மூலம் அவர்களிடம். உதவி செய்கிறேன் என்று சொல்லி ஏழைகளின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

9. நெய்தல்நிலா

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் இந்த இழையை முழுவதுமாக வாசித்தேன். காவாங்கரைக்காரன் தம்பியின் பதிவை வாசித்து முடித்தபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மளிகையில் கைவைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. என் முன்மொழிவில் அது பிழை. மயிலைவாசி ஐயா கேட்டபடி எந்த வீட்டில் போய்ச் சொல்வது என்று பட்டியலைப் பார்த்தபோது, ஒரு வீட்டையும் என்னால் குறிக்க இயலவில்லை. ஆவணப் பணிக்குத் தனிக் கணக்குத் தொடங்குகிறோம். அதில் முதல் செலவு ஒருவரின் சம்பளம். முகாமிலிருந்தோ வெளிப்பதிவிலிருந்தோ பட்டம் படித்த ஒருவரைத் தேடுகிறோம். தம்பி, உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். இரண்டாவது செலவு, ரோஹிங்யா குடும்பங்களுக்காக வாரத்தில் மூன்று நாள் வரும் மொழிபெயர்ப்பாளர். மூன்றாவது, பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்றும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்றும். மூலங்கள் அவரவர் கையிலேயே இருக்கும். வழக்கறிஞர் ஐயா, பதிவே இல்லாத இரு குடும்பங்களைப் பற்றி உங்களிடம் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டோம். புகைப்படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். நன்கொடையாளர்கள் கேட்டால் கணக்கைக் காட்டுவோம்.

டீச்சருக்குத் தனியாக ஒரு செய்தி. பையன் படித்த பள்ளியைக் கண்டுபிடித்துப் போனோம். அலுவலக அலமாரி மேல் மாடியில் இருந்திருக்கிறது. அவன் சேர்க்கை விண்ணப்பத்தோடு, அம்மாவின் பதிவுத் தாளின் நகலும் அவன் பிறப்புச் சான்றிதழின் நகலும் தைத்து வைக்கப்பட்டிருந்தன; காவல் நிலைய முத்திரையும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது அவர் கொடுத்த கைப்பேசி எண்ணும் அங்கேயே இருந்தது. மீஞ்சூரில் தூரத்து உறவினர் வீட்டில் இருக்கிறார். நான் பேசியபோது முதலில் அவர் கேட்டது, அரிசியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டதா என்பதைத்தான். பையன் பள்ளிக்குப் போகாமல் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறான். புதன்கிழமை அந்த நகலை எடுத்துக்கொண்டு, அவர் முதலில் பதிவு செய்த காவல் நிலையத்துக்குப் போகிறோம். பழைய வருவாய்க்காரர் ஐயா மனுவைத் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்கு நேரே அங்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.